மூன்று நிமிடம் போதாது: டிஸ்கோ பிறந்த கதை

டிஸ்கோ என்ற சொல்லை நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் ஒரு பல்பின் பெயராகத்தான் கேட்கிறார்கள். பிறந்தநாள் கேக் வெட்டும் நேரத்தில் யாராவது ஒரு மாமா அதைப் பிளக்கில் செருகுவார். அது சுற்றிச் சுற்றிச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுவரெல்லாம் ஒளியைத் தெளிக்கும். "டிஸ்கோ லைட் போட்டாச்சு" என்பார்கள். பதினோரு வயதான என் அண்ணன் மகள் போன மாதம் கேட்டாள்: "சித்தப்பா, டிஸ்கோன்னா என்ன?" அது ஒரு பாட்டு வகை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அப்போ லைட்டுக்கு ஏன் அந்தப் பேரு?" என்றாள். சரி, உட்கார் என்றேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, அவள் வயதுப் பிள்ளைகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சு மொழியில் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்தைப் பிப்லியோத்தெக் என்பார்கள். இசைத்தட்டுகளை அடுக்கி வைத்திருந்தால் அது டிஸ்கோத்தெக். இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பின்பும் பாரிஸில் சில இரவு விடுதிகள், பாட்டுக் குழுவைக் கூப்பிடாமல் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டே ஆட்களை ஆடவைத்தன. குழு என்றால் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சாப்பாடு போட வேண்டும். தட்டுக்கு ஒன்றும் வேண்டாம். அந்த விடுதிகளுக்கு டிஸ்கோத்தெக் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவுக்குப் போனதும் சொல்லின் வாலை நறுக்கி டிஸ்கோ ஆக்கிவிட்டார்கள். ஆக, முதலில் அது ஓர் இடத்தின் பெயர். பிறகு அங்கே ஒலித்த பாட்டின் பெயர். கடைசியில் நம் ஊர் பல்பின் பெயர்.

நம் ஊர்த் திருவிழாக்களில் ரெக்கார்ட் டான்ஸ் என்று ஒன்று இருந்தது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார்கள். சினிமாப் பாட்டு ரெக்கார்டைப் போட்டு மேடையில் சிலர் ஆடுவார்கள், ஊர் கீழே உட்கார்ந்து பார்க்கும். டிஸ்கோ என்பதும் சொல்லளவில் ரெக்கார்ட் டான்ஸ்தான். ஆனால் அங்கே மேடை கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் ஆட வந்தவர்கள். பாட்டுப் போடுகிறவர் மூலையில் நின்றுகொண்டு, ஆடுகிறவர்களைப் பார்த்து அடுத்த தட்டைத் தேர்ந்தெடுப்பார். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் டிஸ்கோவின் பாதிக் கதை புரிந்துவிடும். இந்த இசையில் ஆடுகளம்தான் முதலாளி. பாட்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், எந்தப் பாட்டு பிரபலமாக வேண்டும், தட்டு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதைக்கூடக் கடைசியில் ஆடுகிறவர்களின் கால்கள்தான் தீர்மானித்தன.

முதலில் தாளம். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பாருங்கள். அது ஒரு முறை நகர்வதற்குள் காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். நிமிடத்துக்கு 120 அடி. டிஸ்கோ பாட்டுகள் பெரும்பாலும் இதையொட்டிய வேகத்தில் ஓடும், 100க்கு மேலே ஆரம்பித்து 130 வரை. நான்கு நான்காக எண்ணிக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா அடியும் ஒரே கனத்தில் விழ வேண்டும்: டும் டும் டும் டும். டிரம்மர் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் இது. இப்போது பக்கத்தில் இருப்பவரை இரண்டாவது, நான்காவது அடிகளில் மட்டும் கைதட்டச் சொல்லுங்கள். மூன்றாவது ஆள், இரண்டு டும்களுக்கு நடுவே விழும் இடைவெளியில் 'த்ஸ்' என்று சொல்ல வேண்டும். டும்-த்ஸ் டும்-த்ஸ் டும்-த்ஸ் டும்-த்ஸ். மூன்று பேரும் சேர்ந்து ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால் டிஸ்கோ தாளம் வந்துவிட்டது. த்ஸ் சொல்கிறவர்தான் முதலில் தடுமாறுவார். எங்கள் வீட்டில் தடுமாறியது நான்.

அந்த த்ஸ் எங்கிருந்து வருகிறது? பஜனையில் அடிக்கும் ஜால்ராவைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரு கம்பியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு மிதி. மிதித்தால் இரண்டும் மூடிக்கொள்ளும், காலை எடுத்தால் திறக்கும். திறந்திருக்கும்போது குச்சியால் தட்டிச் சட்டென்று மிதித்து மூடினால் த்ஸ்ப் என்று ஒரு உறிஞ்சும் சத்தம் வரும். ஹை-ஹாட் என்பார்கள். டும் உங்களைத் தரையோடு அழுத்தும், த்ஸ் உங்களைத் தூக்கிவிடும். காலைக் கீழே வைக்கவும் மேலே எடுக்கவும் பாட்டே சொல்லிக்கொடுப்பதால்தான், ஆடவே தெரியாதவர்களுக்கும் இந்தத் தாளத்தில் கால் தானாக அசைகிறது.

பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் ஆதி தாளம் போட்டிருப்பீர்கள். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. கையைப் பார்த்தாலே எட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். டிஸ்கோவின் டும்மில் அந்த அடையாளம் இல்லை. எந்த அடியைக் கேட்டாலும் ஒன்றுபோலவே இருக்கும். இசை நுணுக்கம் தெரிந்தவர்களுக்கு இது சலிப்பாகத் தோன்றலாம், பலர் அப்படிச் சொல்லித் திட்டியும் இருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வருகிறவர், அடுத்த அடியிலேயே கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம். தாளச் சுற்று தொடங்கும் 'சமம்' எங்கே என்று தேட வேண்டாம்.

இந்தத் தாளத்தைப் பிரபலமாக்கியவர் பிலடெல்பியா நகரத்து டிரம்மர் ஏர்ல் யங். கென்னி கேம்பிள், லியான் ஹஃப் என்ற இரண்டு பேர் அந்த ஊரில் 1971இல் ஒரு பாட்டுக் கம்பெனி தொடங்கியிருந்தார்கள். 1973இல் ஹரால்ட் மெல்வின் குழுவினரின் 'தி லவ் ஐ லாஸ்ட்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். தொலைந்த காதலைப் பற்றிய சோகப் பாட்டு, மெதுவாகப் பாடத்தான் யோசித்திருந்தார்கள். ஸ்டூடியோவில் வேகம் கூடியது. ஏர்ல் யங் நான்கு அடியிலும் டும் போட்டு, நடுவில் ஹை-ஹாட்டைத் திறந்து மூடினார். வரிகள் அழுகின்றன, கால்கள் ஆடுகின்றன. டிஸ்கோவில் இதை நிறையப் பார்க்கலாம். நல்ல டிஸ்கோ பாட்டுகளில் பாதிக்கு மேல் சோகப் பாட்டுகள்தான் என்பது என் கணக்கு. பிலடெல்பியாக்காரர்கள் இந்தத் தாளத்தின் மேல் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கொண்ட வயலின், ட்ரம்பெட் கூட்டத்தையே ஏற்றினார்கள். எல்லாரும் கோட் சூட் போட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பியது மாதிரி ஒரு பளபளப்பு அந்தப் பாட்டுகளில் இருக்கும்.

சரி, இவற்றுக்கு ஆடியவர்கள் யார்?

நியூயார்க், 1970, பிப்ரவரி 14. பிராட்வே தெருவில் 647ஆம் எண் கட்டடம். தொழிற்சாலைகளும் கிடங்குகளும் இருந்த பகுதி. அங்கே ஒரு பழைய கிடங்கு மாடியில் குடியிருந்த டேவிட் மான்குசோ என்ற இளைஞர், தெரிந்தவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பி, தன் வீட்டிலேயே ஒரு ஆட்ட விருந்து நடத்தினார். பிறகு அது வாராவாரம் நடந்தது. கிடங்கு மாடிக்கு ஆங்கிலத்தில் லாஃப்ட் என்று பெயர், அதனால் அந்த விருந்தும் 'தி லாஃப்ட்' ஆனது. மான்குசோ சிறுவயதில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே சிஸ்டர் அலிசியா என்ற கன்னியாஸ்திரி பிள்ளைகளுக்கு அடிக்கடி விருந்து வைப்பாராம். ஒரு ரெக்கார்ட் பிளேயர், பலூன்கள், பழச்சாறு, அவ்வளவுதான். பெரியவரான பிறகு மான்குசோ வீட்டில் வைத்ததும் அதுவேதான். கூரையெல்லாம் பலூன், மேசையில் பழமும் பழச்சாறும், மது விற்பனை கிடையாது. அறையைச் சுற்றி, காசைக் கொட்டி வாங்கிய அருமையான ஸ்பீக்கர்கள். உலகத்தின் முதல் டிஸ்கோக்களில் ஒன்று, பிள்ளைகளின் பிறந்தநாள் விழா மாதிரியே இருந்தது. அந்த வகையில் நம் டிஸ்கோ பல்பு சரியான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

அங்கே வந்தவர்களில் நிறையப் பேர் கறுப்பர்கள், கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள், பெண்கள், தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள். கடைசிச் சொல்லை விளக்க வேண்டும். சில ஆண்களுக்கு ஆண்கள் மேலும் சில பெண்களுக்குப் பெண்கள் மேலும் காதல் வரும். அப்படிப்பட்டவர்களை அன்றைய அமெரிக்கா நிம்மதியாக இருக்க விடவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினால் போலீஸ் வரும். அவர்கள் கூடும் விடுதிகளில் சோதனை நடக்கும், கைது நடக்கும். 1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் அப்படிப் போலீஸ் நுழைந்தபோது, உள்ளே இருந்தவர்கள் முதல்முறையாகப் பெரிய அளவில் எதிர்த்து நின்றார்கள். லாஃப்டின் முதல் விருந்து நடந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. வெளியே எங்கு போனாலும் யாராவது முறைக்கிறார்கள் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு ஆட ஓர் அறை கிடைப்பது சின்ன விஷயமில்லை. அந்த அறையில் விடியும்வரை பாட்டு நிற்கக் கூடாது என்று அவர்கள் ஆசைப்பட்டதும் இயல்புதான்.

ஆடும் முறையும் அங்கே மாறியது. அதற்கு முன் ஆட்டம் என்றால் பெரும்பாலும் ஜோடி. ஓர் ஆண் போய் ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டும், அவள் சம்மதிக்க வேண்டும். யாரும் கேட்காத பெண் சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1960களிலேயே இது தளரத் தொடங்கிவிட்டது. டிஸ்கோவில் முழுதாக உடைந்தது. தனியாக ஆடலாம், ஐந்து பேராக ஆடலாம், முகம் தெரியாதவருக்குப் பக்கத்தில் நின்று ஆடலாம். ஜோடி ஆட்டமும் காணாமல் போகவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிப் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் கையைப் பிடித்துச் சுழன்று ஆடும் ஹஸ்ஸில் என்ற ஆட்டத்தை உருவாக்கினார்கள். ஆட்டம் முதலில் வந்தது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் வான் மெக்காய் என்ற இசையமைப்பாளர் அதே பெயரில் பாட்டுப் போட்டார். 1975 ஜூலையில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம்.

பாட்டை நிறுத்தாமல் இருப்பது எப்படி? ஒரு தட்டு முடிந்து அடுத்ததை வைப்பதற்குள் அறை அமைதியாகிவிடும், ஆடுகிறவர்கள் கலைந்துவிடுவார்கள். சாங்க்சுவரி என்ற டிஸ்கோவில் (அது ஒரு காலத்தில் தேவாலயம்) ஃபிரான்சிஸ் கிராஸோ என்ற டிஜே இதற்கு ஒரு வழியைக் கைத்திறமையாகவே வளர்த்தெடுத்தார். இரண்டு ரெக்கார்ட் பிளேயர்கள். ஒன்றில் பாட்டு ஓடும்போதே மற்றதில் அடுத்த பாட்டைக் காதில் ஹெட்ஃபோன் வைத்துத் தனியாகக் கேட்பார். முள் சரியான இடத்துக்கு வந்ததும், கீழே சுழல்மேடை சுற்றிக்கொண்டே இருக்க, தட்டை மட்டும் விரலால் பிடித்து நிறுத்தி வைத்திருப்பார். முதல் பாட்டின் டும்மும் இரண்டாவதன் டும்மும் ஒன்றாக விழும் நொடியில் விரலை எடுப்பார். கொஞ்ச நேரம் இரண்டு பாட்டும் ஒரே நடையில் சேர்ந்து ஓடும், பிறகு முதல் பாட்டு மெல்ல மறையும். ஆடுகிறவர்களுக்குப் பாட்டு மாறியதே கால்களில் தெரியாது. ஓடும் ரயிலிலிருந்து பக்கத்துத் தண்டவாளத்தில் அதே வேகத்தில் ஓடும் ரயிலுக்கு எல்லாரையும் ஏற்றிவிடுவது மாதிரி. எல்லா அடியும் ஒன்றுபோல இருப்பது சலிப்பு என்று சொன்னார்களே, அந்தச் சலிப்பு இல்லாவிட்டால் இந்த வித்தை இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

அப்படியும் ஒரு தலைவலி மிச்சமிருந்தது. அன்றைய சின்ன இசைத்தட்டு ஏழு அங்குல அகலம். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. இரவு முழுக்க மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏன் மூன்று நிமிடம்? இங்கே ஒரு விடுகதை. ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள்? என் அண்ணன் மகள் நூறு என்றாள், பிறகு ஐந்நூறு என்றாள். ஒன்றே ஒன்றுதான். வெளியோரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும், கொசுவர்த்திச் சுருள் மாதிரி. அந்தப் பள்ளத்தின் நெளிவுகளில்தான் பாட்டு இருக்கிறது. முள் அதன் வழியே போகும்போது இடமும் வலமும் ஆடும், அந்த ஆட்டம்தான் ஒலியாகிறது. கீச்சுக் குரல் என்றால் சின்னச் சின்ன நெளிவு. டும் மாதிரிக் கனமான ஒலி என்றால் பெரிய நெளிவு, அதற்குப் பக்கவாட்டில் இடம் வேண்டும். நீளமான பாட்டைச் சின்னத் தட்டில் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வைக்க வேண்டும், நெருக்கினால் டும்முக்கு இடமில்லை, பாட்டு சோகையாக ஒலிக்கும். டும் இல்லாமல் என்ன டிஸ்கோ?

டாம் மௌல்டன் என்பவர் நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஃபயர் ஐலண்ட் என்ற தீவுக்குப் போயிருந்தார். அங்கே ஆடுகிறவர்களைக் கவனித்தார். உற்சாகம் ஏறி உச்சத்துக்கு வரும் நேரத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது, அவர்கள் ஏமாந்துபோய்க் களத்தை விட்டு இறங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு டேப்பில் பாட்டுகளை வெட்டி ஒட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இடைவெளி இல்லாமல் போகும்படி செய்தார். 45 நிமிட டேப்புக்கு 80 மணி நேரம் உழைத்தாராம். இப்போது கைப்பேசியில் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். அப்போது பிளேடு, டேப், பொறுமை மூன்றும் வேண்டும். பிறகு கம்பெனிகளே அவரைக் கூப்பிட்டுப் பாட்டுகளை நீட்டித் தரச் சொன்னார்கள். குளோரியா கேனரின் 1975ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க மூன்று பாட்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 நிமிடம் நிற்காமல் ஓட வைத்தார்.

ஒருநாள் அவர் புதிதாக முடித்த பாட்டு ஒன்றை மாதிரித் தட்டில் வெட்டிப் பார்க்கப் போனபோது, வெட்டிக் கொடுப்பவரிடம் ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. பத்து அங்குலம்தான் இருக்கிறது என்றார். அவ்வளவு பெரிய தட்டில் அந்தக் குட்டிப் பாட்டு ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், பள்ளங்களைக் கொஞ்சம் பரப்பி வெட்டுங்கள், சத்தத்தையும் ஏற்றுங்கள் என்று கேட்டார் மௌல்டன். போட்டுக் கேட்டால், டும் அறையையே அசைத்தது. கையிருப்புத் தீர்ந்துபோனதால் கிடைத்த கண்டுபிடிப்பு. சீக்கிரமே அது பன்னிரண்டு அங்குலமானது. 1976இல் 'டென் பர்சென்ட்' என்ற பாட்டைச் சல்சோல் கம்பெனி அந்த அளவில் கடைகளில் விற்றது. மூன்று நிமிடப் பாட்டு, வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜேயின் கையில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. பாட்டுக்காரர்களைக் கேட்டு அதை நீட்டவில்லை. ஆடுகளத்தில் எந்த இடத்தில் கூட்டம் கூச்சலிடுகிறதோ, அந்த இடத்தை நீட்டினார்கள்.

தட்டின் அளவு மட்டுமா, எந்தப் பாட்டு பிழைக்கும் என்பதும் களத்தின் கையில்தான் இருந்தது. கம்பெனி நம்பும் பாட்டு தட்டின் முன்பக்கத்தில் இருக்கும். பின்பக்கம் ஒப்புக்கு ஒன்று. கேமரூன் நாட்டு மனு டிபாங்கோ, 1972இல் அங்கே நடந்த ஆப்பிரிக்கக் கால்பந்துப் போட்டிக்காக ஒரு பாட்டுச் செய்தார். அதன் பின்பக்கத்தில் இருந்தது 'சோல் மகோசா'. புரூக்ளினில் ஒரு கடையில் மான்குசோ அந்தத் தட்டைக் கண்டெடுத்து லாஃப்டில் போட்டார், நகரமே அதைத் தேடி அலைந்தது. குளோரியா கேனரின் 'ஐ வில் சர்வைவ்' 1978இல் பின்பக்கப் பாட்டாகத்தான் வந்தது. டிஜேக்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், களம் விடவில்லை. 1979இல் அமெரிக்காவில் முதலிடம். அடுத்த ஆண்டு சிறந்த டிஸ்கோ பாட்டுக்கான கிராமி விருது. அந்தப் பிரிவில் விருது கொடுத்தது அந்த ஒரே ஒருமுறைதான், ஏன் என்பது பின்னால் வருகிறது.

மூன்றாவது பின்பக்கப் பாட்டு நம் பக்கத்து ஊர்க்காரருடையது. பெங்களூரிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பித்து, 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாட்டைத் தயாரித்தார். ஸ்டூடியோ நேரம் முடிய இருந்த கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரமாகப் பதிந்த பாட்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது. அதே பித்துதான் 1980இல் 'குர்பானி' என்ற இந்திப் படத்துக்காக, பதினைந்து வயது நாசியா ஹசனை 'ஆப் ஜைசா கோயி' பாட வைத்தார். அப்புறம் இந்தியா முழுக்க டிஸ்கோ காய்ச்சல். 1982இல் பப்பி லஹரி இசையில் 'டிஸ்கோ டான்சர்' வந்தது. அது தமிழில் ஆனந்த் பாபு நடிக்க 1985இல் 'பாடும் வானம்பாடி' ஆனது. டிஸ்கோ சாந்தி என்று ஒரு நடிகைக்கே பெயர் வந்தது. அமெரிக்காவில் டிஸ்கோவுக்குக் கருமாதி முடிந்த பிறகுதான் இங்கே தலைப்பிரசவமே நடந்தது.

இப்போது அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன், லைட். டிஸ்கோ அறையின் கூரையில் தொங்கும் கண்ணாடிப் பந்து டிஸ்கோவைவிட ரொம்பப் பழையது. அமெரிக்காவில் லூயிஸ் வோஸ்ட் என்பவர் 1917இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரு பந்து முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள் ஒட்டியிருக்கும். ஓரமாக ஒரு விளக்கு அதன்மேல் அடிக்கும். ஒவ்வொரு சதுரமும் ஒளியை ஒவ்வொரு திசையில் திருப்பிவிடும். பந்து நிதானமாகத்தான் சுற்றும், சுவரில் புள்ளிகள் அதைவிட வேகமாக ஓடும். கண்ணாடி ஒரு பங்கு திரும்பினால் அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி இரண்டு பங்கு திரும்பும் என்பதுதான் காரணம். கைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கூரையில் அடித்திருப்பீர்களே, மணிக்கட்டைக் கொஞ்சம் அசைத்தாலே வெளிச்சம் எங்கோ ஓடுமே, அதுதான். இந்தப் பந்தின் இன்னொரு குணம் எனக்குப் பிடிக்கும். மேடை விளக்கு ஒருவர்மேல் மட்டும் விழும். இது அறையில் உள்ள எல்லார்மேலும் கொஞ்சம் கொஞ்சம் விழும்.

உடைகளைப் பற்றி நிறையச் சொல்லலாம்: பாலியஸ்டர் சட்டை, அகலக் காலர், அரை சாண் உயர அடி வைத்த ஷூ. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை, படங்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1977 டிசம்பரில் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படம் வந்தது. புரூக்ளினில் பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், சனிக்கிழமை இரவு மட்டும் ஆடுகளத்தில் ராஜா. (பெரியவர்களுக்கான படம், நீங்கள் வளர்ந்தபின் பாருங்கள்.) ஒரு பத்திரிகைக் கட்டுரையை வைத்து எடுத்த படம் அது. நிஜ மனிதனைப் பற்றி எழுதியதாக எல்லாரும் நம்பிய அந்தக் கட்டுரையின் நாயகன் கற்பனை என்று, எழுதியவரே சுமார் இருபது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார். படத்துக்குப் பாட்டுப் போட்டவர்கள் பீ ஜீஸ் சகோதரர்கள். 'ஸ்டேயிங் அலைவ்' பதிவின்போது அவர்களுடைய டிரம்மர் வீட்டு விஷயமாக ஊருக்குப் போயிருந்தார். அதனால் முன்பே பதிந்த இன்னொரு பாட்டிலிருந்து இரண்டு சுற்றுத் தாளத்தை மட்டும் டேப்பில் வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். பாட்டு முழுக்கக் கேட்பது அந்த வளையம்தான். ஆல்பத்தில் டிரம்மர் பெயர் போட வேண்டுமே என்று, வளையத்தைக் குறிக்கும் 'லூப்' என்ற சொல்லை வைத்து பெர்னார்ட் லூப் என்று ஒருவரை இட்டுக்கட்டினார்கள். அந்த ஆளை வேலைக்கு வைக்கத் தேடியவர்களும் உண்டாம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 103 அடி அளவில் இருக்கும். இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் தர வேண்டும். அதனால் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே அழுத்தச் சொல்கிறார்கள்.

படத்துக்குப் பிறகு டிஸ்கோ எங்கும் இருந்தது. வாத்துக் குரலில் ஒரு டிஸ்கோ பாட்டு 1976இலேயே முதலிடம் பிடித்திருந்தது. பீத்தோவனின் சிம்பனிக்கு டும்-த்ஸ் போட்டார்கள். 1978இல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற பிள்ளைகள் டிவி நிகழ்ச்சியின் பொம்மைகள்கூட ஒரு டிஸ்கோ ஆல்பம் வெளியிட்டன. பீ ஜீஸ் ராபின் கிப் அதில் பாடினார். நியூயார்க்கில் 1977இல் திறந்த ஸ்டூடியோ 54 என்ற டிஸ்கோவில், வாசலில் நின்று யார் உள்ளே வரலாம் என்று பொறுக்கி எடுத்தார்கள். அந்த ஆண்டின் கடைசி இரவில், அழைப்பின் பேரில் போன நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் என்ற இரண்டு இசைக்கலைஞர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் கோபத்தில் வீட்டுக்குப் போய், வாசல்காரனைத் திட்டும் ஒரு கெட்ட வார்த்தையை வைத்தே கிட்டாரில் பாட்டுக் கட்டினார்கள். பிறகு வார்த்தையை மட்டும் நாகரிகமாக மாற்றினார்கள். அதுதான் 'லே ஃப்ரீக்', லட்சக்கணக்கில் விற்றது. எனக்கு இந்தக் கதையில் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்காக உண்டாக்கிய இடம், ஏழே ஆண்டில் வாசலில் கயிறு கட்டி ஆட்களை வெளியே நிறுத்தியது.

எதிர்ப்பும் வளர்ந்தது. சிகாகோவில் ஸ்டீவ் டால் என்ற ரேடியோ அறிவிப்பாளர், தான் இருந்த நிலையம் டிஸ்கோவுக்கு மாறியதால் வேலை இழந்தவர். 1979 ஜூலை 12 அன்று காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட் கொடுத்து உள்ளே வரலாம் என்று அறிவித்தார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளைக் குவித்து வெடி வைப்பதாக ஏற்பாடு. ஏறக்குறைய 50,000 பேர் வந்துவிட்டார்கள். வெடித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குள் குதித்தார்கள், தட்டுகள் சக்கரம் மாதிரிப் பறந்தன, புல்தரை நாசமானது, 39 பேர் கைதானார்கள். இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை, வெற்றி எதிரணிக்குப் போனது. ஒரு பாட்டைப் பிடிக்காவிட்டால் ரேடியோவைத் திருகிவிடலாமே, இவ்வளவு ஆத்திரம் எதற்கு? குப்பைப் பாட்டுகள் குவிந்து சலித்துப்போனது உண்மை. ராக் ரசிகர்களுக்குத் தங்கள் நிலையங்கள் பறிபோன கோபமும் உண்மை. ஆனால் டிஸ்கோ யாருடைய இசை என்பதும் எல்லாருக்கும் தெரியும். வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்கள். கறுப்பர்கள் மேலோ தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் மேலோ தனக்கு வெறுப்பு இருந்ததே இல்லை என்று டால் சொல்லி வருகிறார். அவர் மனதில் என்ன இருந்தது என்பதைவிட, கூட்டம் கையில் என்ன கொண்டுவந்தது என்று பார்ப்பது பயனுள்ளது.

அதைப் பார்த்த ஒருவர் இருக்கிறார். அன்று அந்த மைதானத்தில் பார்வையாளர்களுக்கு இடம் காட்டும் வேலையில் இருந்தார் வின்ஸ் லாரன்ஸ் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பையன். வாசலில் குவிந்த தட்டுகளில் நிறைய டிஸ்கோவே இல்லை, கறுப்பர்கள் பாடிய மற்ற பாட்டுகள் என்று பின்னாளில் அவர் சொன்னார். டிஸ்கோவை ரேடியோ கைவிட்டது, கம்பெனிகள் கைவிட்டன, கிராமி அந்தப் பிரிவையே மூடியது. ஆனால் அதே சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே, பழைய டிஸ்கோ தட்டுகளை வெட்டி, நீட்டி, டும்மை இன்னும் கனமாக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கிளப்பின் பெயரிலிருந்துதான் ஹவுஸ் இசை என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வின்ஸ் லாரன்ஸ் அந்த மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்ததே சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவி ஒன்றை வாங்கக் காசு சேர்க்கத்தான். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய 'ஆன் அண்ட் ஆன்' தட்டாக வந்தது. முதல் ஹவுஸ் தட்டு என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டு. டிரம்மர் கிடையாது, ஒரு தாள இயந்திரம் மட்டும், நான்கு அடியும் ஒரே கனத்தில்.